பத்ரோசும் பேதுருவும்: கேரள எல்லைத் தமிழ்ச் சிறுவர்களும் பண்பு வளர்க்கும் கிறிஸ்தவக் கதைநூல்களும்

சிறுவர்களிடம் நற்பண்பை வளர்ப்பதற்கென்றே எழுதப்படும் கிறிஸ்தவக் கதைநூல்கள் அந்த வேலையை உண்மையில் செய்கின்றனவா, செய்கின்றன என்றால் எவ்வகைக் கதை, எந்த மொழியில், யார் வாயிலாகப் பிள்ளையை அடையும்போது செய்கின்றது என்னும் கேள்வியைக் கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளை முன்னிறுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. கிறிஸ்தவக் கதைநூல் என்பது இங்கே நான்கு வகை நூல்களைக் குறிக்கும்: சிறுவர்க்கென மறுபடி சொல்லப்பட்ட விவிலியக் கதைகள், புனிதர் வரலாறுகள், ஊழியர்கள், மருத்துவர்கள் போன்றோரின் வாழ்க்கைக் கதைகள், கிறிஸ்தவப் பார்வையோடு எழுதப்பட்ட புனைகதைகள். பண்பு என்பது நல்லது இன்னது என்று சொல்லத் தெரிவது மட்டுமன்று. யாரும் பார்க்காத வேளையிலும் அதைச் செய்ய மனம் இயல்பாகச் சாய்வதே பண்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவை மறந்துவிடுவதுதான் இத்துறையில் நெடுங்காலமாக நடந்துவரும் பிழை.

பாலக்காட்டின் சித்தூர் வட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என நீளும் சமவெளி ஊர்களும், இடுக்கியின் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களும் 1956 நவம்பர் 1 அன்று கேரளம் உருவானபோது அம்மாநிலத்துக்குள் அமைந்தன. ஆனால் அங்கு வாழும் பெருந்தொகையினரின் வீட்டுமொழி தமிழாகவே நீடிக்கிறது. திருச்சபைகளின் அமைப்பும் இந்த இருமொழி நிலையைக் காட்டுகிறது. மூணாறு மலைகளின் இலத்தீன் கத்தோலிக்கர்கள் 1930இல் உருவான விஜயபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். பாலக்காட்டு எல்லையின் தமிழ்க் கத்தோலிக்கர்களில் பலர் முன்பு கோயம்புத்தூர் மறைமாவட்டத்தின்கீழ் இருந்து, 2013இன் இறுதியில் அமைக்கப்பட்ட சுல்தான்பேட்டை மறைமாவட்டத்துக்குள் வந்தவர்கள். அதே மலைகளில் மலையாளம் பேசும் சீரோ மலபார் சபையாரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். ஆகவே ஒரே தோட்டத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இயேசுவின் தலைமைச் சீடர் ஒரு வீட்டில் பேதுரு, இன்னொரு வீட்டின் பாட்டிக்கு இராயப்பர், பள்ளித் தோழனுக்குப் பத்ரோஸ். மூவரும் ஒருவரே என்று ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடிக்கும் கணம் மகிழ்ச்சியானது; ஆனால் அதைக் கண்டுபிடிக்க உதவும் வகையில் எழுதப்பட்ட கதைநூல் அரிது.

பள்ளிமொழியின் நிலை இதைவிடச் சிக்கலானது. தாய்மொழியில் தொடக்கக் கல்வி தரும் கடமையை அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்கள்மீது சுமத்துகிறது. கேரளத்தில் தமிழ்வழிப் பள்ளிகளும் அவற்றுக்கான பாடநூல்களும் உள்ளன. 2017இன் மலையாள மொழிச் சட்டம் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கற்பதைக் கட்டாயமாக்கியபோதும் மொழிச் சிறுபான்மையினருக்கெனத் தனி ஏற்பாடுகளை வைத்தது. எனினும் வேலைவாய்ப்பை நினைத்துப் பெற்றோர் மலையாள வழியையோ ஆங்கில வழியையோ நாடும்போது, தமிழைக் காதால் முழுமையாகவும் கண்ணால் அரைகுறையாகவும் அறிந்த பிள்ளைகள் வளர்கிறார்கள். பண்பு வளர்க்கும் கதை என்பது இவர்களுக்கு முதலில் செவிவழிப் பொருள், பிறகே நூல்.

இப்பகுதியின் நூல் வரலாற்றில் ஒரு பெருமைக்குரிய செய்தி உண்டு. தமிழில் அச்சான முதல் நூல்களுள் ஒன்றான ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் அச்சேறியது இன்றைய கேரளத்தின் கொல்லத்தில். அடுத்த ஆண்டு ‘கிரிசித்தியானி வணக்கம்’ கொச்சியில் அச்சானது. இவற்றை உருவாக்கிய இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார், 1586இல் புனிதர்களின் வாழ்க்கைகளைத் தமிழ் உரைநடையில் தொகுத்து ‘அடியார் வரலாறு’ என்னும் நூலையும் அச்சிட்டார். வினா விடையாக அமைந்த மறைநூலுக்குப் பின் அவர் கதையை நாடியது கவனிக்கத்தக்கது. நெறியை மனப்பாடம் செய்த மக்களுக்கு அந்நெறியில் வாழ்ந்த மனிதர்களைக் காட்ட வேண்டியிருந்தது.

சிறுவர்க்கென்றே கதை அச்சிடுவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொடங்கிற்று. இடுக்கி மலைகளுக்குக் கீழே, கோட்டயத்தில், பெஞ்சமின் பெய்லி நிறுவிய அச்சகத்தில் 1824இல் வெளிவந்த மலையாள நூல் ஒன்று சிறு குழந்தைகளின் நன்மைக்காக ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்ட கதைகளின் தொகுப்பு. கேரளத்தில் அச்சான முதல் மலையாள நூலாக எண்ணப்படுவதும் மலையாளச் சிறுவர் இலக்கியத்தின் முதல் நூலாக எண்ணப்படுவதும் இதுவே. தமிழில் 1840இல் நாகர்கோவிலிலிருந்து வந்த ‘பாலதீபிகை’ முதல் சிறுவர் இதழாகக் குறிக்கப்படுகிறது. 1849இல் பாளையங்கோட்டையிலிருந்து ‘சிறுபிள்ளையின் நேசத்தோழன்’ வந்தது. 1858இல் தொடங்கப்பட்ட தாய்மொழிக் கல்விச் சங்கத்தின் பொறுப்பேற்ற ஜான் மர்டாக், பள்ளிப் பாடநூல்களையும் சிறு கதைநூல்களையும் மலிவு விலையில் பரப்புவதைத் தம் வாழ்நாள் பணியாக்கிக்கொண்டார். பின்னாளின் கிறிஸ்தவ இலக்கியச் சங்கம் அந்த மரபில் வந்தது. மறுபுறம், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையைப் போலச் சிரிப்பின் வழியே அறியாமையைக் காட்டும் கதைகளும், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் 1859ஆம் ஆண்டு ‘நீதிநூல்’ போல எல்லாச் சமயத்தாரும் படிக்கத்தக்க ஒழுக்க நூல்களும், ஜான் பன்யனின் உருவகக் கதையைத் தமிழ்க் காப்பிய மரபுக்குள் கொண்டுவந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ போன்ற படைப்புகளும் தோன்றின. இவை சிறுவர்க்கென எழுதப்பட்டவை அல்ல என்றாலும், அயல் விதை இம்மண்ணில் எப்படி வேர்பிடிக்கலாம் என்பதைக் காட்டியவை.

இங்கிலாந்திலிருந்து வந்த விதைகள் எல்லாமே நல்லவை அல்ல. இந்தியாவில் சில காலம் வாழ்ந்த மேரி மார்த்தா ஷெர்வுட் எழுதி 1818இல் வெளியிட்ட ‘ஃபேர்சைல்டு குடும்பம்’ பல தலைமுறைகள் படித்த நூல். அதில் சண்டையிட்ட தம் பிள்ளைகளைத் தந்தை தூக்குமரத்தடிக்கு அழைத்துச் சென்று, உடன்பிறந்தானைக் கொன்றவனின் தொங்கும் உடலைக் காட்டித் திருத்துகிறார். இந்த அச்ச மரபு தமிழ் மறைக்கல்விக்கும் அந்நியமன்று. மறைக்கல்வி என்பது கத்தோலிக்கத் திருச்சபையில் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தரப்படும் சமயப் பாடம். சீர்திருத்தச் சபைகளில் இதற்கு ஓய்வுநாள் பள்ளி என்று பெயர். பாமாவின் ‘கருக்கு’ (1992), சிறுமியின் மனத்தில் இத்தகைய வகுப்புகள் விதைத்த பேய்ப்பயத்தைப் பதிவுசெய்திருக்கிறது. பொய் சொன்னவன் நாக்கு அழுகியது, ஜெபிக்க மறந்தவள் ஆற்றில் விழுந்தாள் என்ற வகைக் கதைகள் இன்றும் கோடை விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் சொல்லப்படுவதுண்டு. சொல்பவர்களின் நோக்கம் தூயது, கருவி தவறானது. ஆற்றில் விழுந்த கதையைக் கேட்ட பிள்ளை ஜெபத்தை நேசிப்பதில்லை, ஆற்றைக் கண்டு நடுங்குகிறது.

கருவி தவறு என்பது வெறும் உணர்ச்சியால் சொல்லப்படுவதன்று. கனடாவின் காங் லீயும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் ஒளித்துவைத்த பொம்மையைத் திரும்பிப் பார்க்கக்கூடாது என்று சொல்லி, அவர்களைச் சற்றே தனியே விட்டுவிட்டு, பின்னர் ஒரு கதை படித்துக்காட்டி, பார்த்தாயா என்று கேட்டனர். பொய்யால் ஓநாய்க்கு ஆடுகளை இழந்த இடையச் சிறுவனின் கதையும், பொய் சொன்னால் மூக்கு நீளும் பினோக்கியோவின் கதையும் உண்மை சொல்வதைக் கூட்டவில்லை. செர்ரி மரத்தை வெட்டியதைத் தந்தையிடம் ஒப்புக்கொண்டு பாராட்டுப் பெற்ற சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதையைக் கேட்டவர்கள் கூடுதலாக உண்மை சொன்னார்கள். அதே வாஷிங்டன் கதையின் முடிவைத் தண்டனையாக மாற்றிச் சொன்னபோது அந்தப் பலன் மறைந்தது. 2017இல் வெளியான மற்றொரு ஆய்வில், பகிர்ந்துகொள்ளும் பண்பைப் பற்றிய ஒரே கதையை விலங்குகளைப் பாத்திரமாக்கியும் மனிதரைப் பாத்திரமாக்கியும் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டியபோது, மனிதர் கதையைக் கேட்டவர்களே தங்கள் ஒட்டுப்படங்களைக் கூடுதலாகப் பகிர்ந்தனர். டார்சியா நார்வாயஸ் 1999இல் காட்டியபடி, கதையின் நீதி எது என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால் பெரியவர்கள் நினைக்கும் நீதியை எட்டுபவர்கள் மிகச் சிலரே.

இவற்றுக்கு முன்பே ஒரு கசப்பான முடிவு வந்துவிட்டது. சமயக் கல்வியில் ஆழ்ந்த அக்கறை கொண்டிருந்த ஹியூ ஹார்ட்ஷார்ன், மார்க் மே என்ற இருவரும் 1928 முதல் 1930 வரை வெளியிட்ட ஆய்வில், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் பிள்ளைகளைச் சோதித்து, நேர்மையைப் பற்றிப் பிள்ளை அறிந்திருப்பதற்கும் அதன் நடத்தைக்கும் தொடர்பு மெலிந்தது என்றும், ஓர் இடத்தில் ஏமாற்றாத பிள்ளை இன்னோர் இடத்தில் ஏமாற்றக்கூடும் என்றும் கண்டனர். வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு பெறுவதையே பண்பின் அளவுகோலாகக் கொள்ளும் வழக்கத்துக்கு இது அன்றே சொல்லப்பட்ட பதில்.

இந்த முடிவுகள் கிறிஸ்தவக் கதைமரபுக்கு எதிரானவை என்று எண்ணுவது தவறு. அம்மரபின் மூலவடிவத்துக்கு இவை மிக நெருக்கமானவை. பத்சேபாளைக் கவர்ந்து அவள் கணவன் உரியாவைப் போர்முனையில் சாகவிட்ட தாவீது அரசனிடம் வந்த நாத்தான் என்னும் இறைவாக்கினர், குற்றத்தை எடுத்துரைத்துத் தொடங்கவில்லை. ஓர் ஏழையிடம் இருந்த ஒரே பெண்ணாட்டுக்குட்டி, அவன் தட்டில் உண்டு அவன் மடியில் தூங்கி மகளைப்போல் வளர்ந்ததையும், மந்தைகள் உடைய பணக்காரன் விருந்தினருக்காக அதைப் பறித்ததையும் சொன்னார். கேட்ட அரசன் கொதித்துத் தீர்ப்புச் சொன்ன பிறகே அந்தப் பணக்காரன் யார் என்பது அவனுக்குக் காட்டப்பட்டது. தீர்ப்பைக் கேட்பவனே வழங்குகிறான். அதனால் அதிலிருந்து அவன் தப்ப முடியவில்லை. உவமை, அதாவது அறிந்த வாழ்க்கைச் செய்தியால் அறியாத உண்மையைக் காட்டும் சிறுகதை, இயேசுவின் கையிலும் இப்படியே செயல்பட்டது. நல்ல சமாரியன் கதை ஒரு கேள்விக்கு விடையாகத் தொடங்கி, கேட்டவனிடமே திரும்பிக் கேட்கும் கேள்வியாக முடிகிறது.

அந்தக் கதையின் முள் இன்று மழுங்கிவிட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சமாரியன் என்றால் நல்லவன் என்று முன்பே கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, அக்காலத்து யூதர் சமாரியரோடு உறவு பாராட்டவில்லை என்பது வெறும் வரலாற்றுக் குறிப்பு. இன்றைய இடுக்கித் தோட்டங்களில் ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்து தங்கி வேலைசெய்யும் குடும்பங்கள் உள்ளன. எந்த மாநிலத்தவராக இருந்தாலும் அவர்களை ‘பெங்காலி’ என்றே கேரளத்தில் பொதுவாகச் சொல்கிறார்கள். அடிபட்டுக் கிடந்தவனைக் கோயில் பொறுப்பாளரும் பாடகர் குழுத் தலைவரும் கடந்துபோக, ஏலக்காட்டு வேலை முடிந்து வந்த அந்த ‘பெங்காலி’ அவனைத் தோளில் தூக்கி ஜீப் நிறுத்தம்வரை சுமந்தான் என்று கதையைச் சொல்லும்போது, ஓய்வுநாள் பள்ளியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை முதன்முதலாகத் தயங்கும். தாங்களே ஒரு காலத்தில் மலையேறி வந்த கூலிக்குடும்பங்களின் வழிவந்தவர்கள் என்பது அந்தத் தயக்கத்தின் அடியில் நினைவுக்கு வரும். அந்தத் தயக்கத்தில்தான் பண்பு வேர்கொள்ளத் தொடங்குகிறது.

வாழ்க்கைக் கதைகளில் எல்லை மலைகளின் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமாக இருக்கக்கூடியது வேல்ஸ் நாட்டு மேரி ஜோன்ஸின் கதை. வேல்ஸ் மொழி பேசும் ஏழை நெசவாளர் குடும்பத்துச் சிறுமியான அவள் ஆறு ஆண்டுகள் காசு சேர்த்து, 1800ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், மலைப்பாதையில் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வெறுங்காலோடு நடந்து பாலா என்னும் ஊரில் தாமஸ் சார்ல்ஸிடமிருந்து ஒரு விவிலியம் பெற்றாள். 1804இல் பிரித்தானிய, அயல்நாட்டு விவிலியச் சங்கம் தோன்றியதன் பின்னணியில் இக்கதை எப்போதும் சொல்லப்படுகிறது. வழக்கமாக இது பக்தியின் கதையாகவும் விடாமுயற்சியின் கதையாகவும் முடிந்துவிடுகிறது. ஆனால் அவள் தேடியது ஆங்கிலத்தில் இல்லாத, தன் வீட்டுமொழியில் உள்ள நூல் என்பதைச் சொல்லும்போது, அரசு ஒரு மொழியிலும் அம்மா வேறொரு மொழியிலும் பேசும் தேவிகுளத்துப் பிள்ளைக்குக் கதையின் திசையே மாறுகிறது. பல மறுகூறல்கள் இந்த மொழிச் செய்தியை ஒரு வரியில் கடந்துவிடுவது பெரிய இழப்பு.

மண்ணுக்கு அருகிலுள்ள புனிதர் வரலாறு தேவசகாயத்தினுடையது. 1712இல் பிறந்து, திருவிதாங்கூர் அரண்மனை அலுவலராக இருந்து, டச்சுப் படைத்தலைவர் தே லனாயின் வழியே கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்று, சாதி பாராமல் எல்லாரோடும் கலந்து பழகியதால் பகையும் சிறையும் பெற்று, எருமைமீது ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டு, 1752இல் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட அவர், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய பெயரிலிருந்த ‘பிள்ளை’ என்னும் சாதிப் பட்டம் திருச்சபையின் அறிவிப்பில் விடப்பட்டது. ஒரு பட்டப்பெயரை ஏன் விட வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கும்போது பதில் சொல்லத் தயாராக இருக்கும் நூலே பண்பு வளர்க்கும் நூல். வரலாற்றுச் செய்தியோடு கலந்து வரும் மரபுக் கதைகளை, குறிப்பாகப் பாறையில் முழங்கை பட்டு நீர் சுரந்தது போன்றவற்றை, மக்கள் நம்பிச் சொல்லிவரும் செய்தி என்று அடையாளப்படுத்திச் சொல்வது நம்பிக்கையைக் குறைக்காது. மேலே சொன்ன வாஷிங்டன் கதையையே மேசன் வீம்ஸ் என்னும் போதகர் 1806ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அது நடந்ததற்குச் சான்றில்லை. உண்மை பேசக் கற்பிக்கும் கதையை நடந்ததாகப் புனைந்து சொன்னால், வளர்ந்தபின் அதை அறியும் பிள்ளை கதையை மட்டுமன்று, சொன்னவரையும் சந்தேகிக்கும்.

மன்னிப்பைப் பற்றிய கதைகளில் இக்காலத்துக்குரியது அருளாளர் இராணி மரியாவின் வரலாறு. எர்ணாகுளம் மாவட்டத்தின் புல்லுவழியில் பிறந்து, மத்தியப் பிரதேசத்தில் நிலமற்ற ஏழைகளிடையே உழைத்து, 1995இல் கொல்லப்பட்ட அத்துறவியின் குடும்பத்தார் கொன்றவரை மன்னித்து உறவாக ஏற்றனர். 2017இல் அவருக்கு அருளாளர் பட்டம் வழங்கப்பட்டது. எளிதில் மன்னித்துவிடலாம் என்ற எண்ணத்தைத் தராமல், மன்னிக்க எவ்வளவு நாள் பிடிக்கும், எவ்வளவு அழவேண்டியிருக்கும் என்பதையும் சொல்லும்போதுதான் இக்கதை பிள்ளைக்கு நியாயம் செய்யும். பரணங்கானத்துப் புனித அல்போன்சா, தோனாவூரின் ஏமி கார்மைக்கேல், வேலூரின் ஐடா ஸ்கடர் ஆகியோரின் கதைகளும் பரவலாகச் சொல்லப்படுகின்றன. இவர்கள் எல்லாரும் பெண்கள் என்பது நல்லது. எனினும் பொறுத்துக்கொள்வதையே பெண்ணின் பண்பாகக் காட்டும் மறுகூறல்கள், பெண்களின் உழைப்பில் நிற்கும் தேயிலைத் தோட்டங்களில் வளரும் சிறுமிகளுக்கு ஊறு செய்யக்கூடும். 2015 செப்டம்பரில் மூணாற்றுப் பெண் தொழிலாளர்கள் கூலிக்கும் போனசுக்கும் வீதியில் அமர்ந்து போராடியதைப் பார்த்த மகள்களுக்கு, அநீதியான நீதிபதியை ஓயாமல் தொந்தரவு செய்து நியாயம் பெற்ற விவிலியக் கைம்பெண்ணின் கதையும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

மொழிநடை தனியாக ஆராயத்தக்கது. 1871இல் முழுமையாக வெளிவந்த ஹென்றி பவரின் விவிலிய மொழிபெயர்ப்பின் வடமொழி கலந்த நடை சீர்திருத்தச் சபைகளின் சிறுவர் நூல்களிலும் ஊறியிருக்கிறது. 1995இன் பொது மொழிபெயர்ப்பு தூய தமிழை நாடியது. பரிசுத்த ஆவி, தூய ஆவி என்ற வேறுபாடு பெரியவர்களுக்குச் சபை அடையாளம். மலையாளப் பள்ளியில் படித்துவிட்டு மாலையில் தமிழ்க் கதைநூலைத் திறக்கும் பிள்ளைக்கோ இரண்டும் சம அளவு கடினம். அச்சுத்தமிழ் பிள்ளையின் பேச்சிலிருந்து விலகி நிற்பதால், கதையைப் பெரியவர் ஒருவர் உரக்கப் படித்து, இடையிடையே வீட்டுத்தமிழில் விரித்துச் சொல்வதுதான் இங்கே நடைமுறைக்கு உகந்தது. பெரிய எழுத்து, குறுகிய வாக்கியம், முதற்பக்கத்திலேயே பேதுரு, இராயப்பர், பத்ரோஸ் மூவரும் ஒருவரே என்று சொல்லும் பெயர்ப்பட்டி ஆகியவற்றைக் கொண்ட நூல் அந்தப் பெரியவருக்கும் உதவும். இதே மலைகளில் உள்ள இடமலக்குடியில், ஒரு தேநீர்க் கடையில் சாக்குப்பைகளில் வைத்துக் காக்கப்பட்ட ஏறத்தாழ 160 நூல்களை ஊரார் எடுத்துப் படித்துவந்த செய்தி 2014இல் வெளியாயிற்று. சாலையும் கட்டடமும் இல்லாத இடத்திலும் நூல் தன் வாசகரை அடையும்.

எஞ்சியிருப்பது எழுதப்படாத கதைகளின் பக்கம். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அன்றாடம் அறிந்த பொருள் கொழுந்து எடைபோடும் தராசு. நாளெல்லாம் மழையில் நனைந்து பறித்த கொழுந்துச் சாக்கைத் தாய் தராசில் ஏற்றும்போது, ஈரத்துக்கும் சாக்குக்கும் எவ்வளவு கழிக்கப்படுகிறது என்று அவள் கண்கள் முள்ளைப் பார்ப்பதை அது பார்த்திருக்கிறது. கள்ளத் தராசு கடவுளுக்கு அருவருப்பு என்று நீதிமொழிகளும், ஏழைகளை எடையில் ஏமாற்றியவர்களை ஆமோசும் கண்டிக்கும் இடங்களை இந்தத் தராசோடு சேர்த்து ஒரு கதையாக எழுதினால், நேர்மை என்னும் சொல்லுக்கு விளக்கமே தேவைப்படாது. அக்கதையில் எடை எழுதுபவரின் மகனும் கொழுந்து பறிப்பவரின் மகளும் ஒரே ஓய்வுநாள் பள்ளி வகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவில் நிலச்சரிவில் பெட்டிமுடித் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மண் மூடி 70 பேர் மாண்ட பிறகு, உயிர்பிழைத்தவர்களுக்கு அண்டை லயத்தார் வீடு திறந்ததையும், நாள்கணக்கில் மண்ணைத் தோண்டி உறவுகளைத் தேடியவர்களோடு மொழியும் மதமும் பாராமல் மற்றவர்கள் நின்றதையும், அவர்களின் அனுமதியோடும் பெயர் மறைத்தும், இழப்பைக் கடவுளின் தண்டனையாக ஒரு சொல்லாலும் காட்டாமல் எழுதும் எழுத்தாளருக்கு இந்த மலைகள் காத்திருக்கின்றன.